மூலைக்கல்லை எடுத்தவன் நான்தான்

வளைகுடாவில், சோஹார் துறைமுக வேலையில் ஜேசிபி ஓட்டிய காலம். சைட் ஆபீஸுக்கு அஸ்திவாரம் தோண்டி முடித்ததும் எனக்கு லீவு என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. முதல் பிள்ளை. பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

எங்கள் இன்ஜினியர் அயர்லாந்துக்காரர், வயசானவர். அளவு ஒரு நூல் தப்பினாலும் கத்துவார். அப்படிப்பட்ட ஆள் ஒரு சாயங்காலம், டூட்டி முடிந்த பிறகு, ஆபீஸ் வரப்போகிற இடத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு கல்லை வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் ஒரு கல்லைக் காணோம். வந்து பார்த்தார். ஆபீஸை நாற்பது அடி தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டார். இனி புதிதாக அளந்து குறித்த பிறகுதான் தோண்ட முடியும்; என் லீவும் தள்ளிப்போகும்.

என் ரூமில் இருந்த கீழக்கரைக்காரனுக்கு இங்கிலீஷ் வரும். அவன்தான் விஷயத்தைக் கேட்டுவந்து சொன்னான். இன்ஜினியரின் கிராமத்தில் பழைய வீடுகளை இப்படிக் கல் வைத்துப் பார்த்துத்தான் கட்டினார்களாம். விடிவதற்குள் கல் நகர்ந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத 'அவர்கள்' நடக்கிற வழியாம். மீறிக் கட்டிய ஒருவர், பிறகு வீட்டின் மூலையையே இடித்து வழி விட்டாராம். வயலில் நிற்கிற பழங்காலத்துக் கல்லை இன்றைக்கும் டிராக்டர் சுற்றிக்கொண்டுதான் போகுமாம். அவர்கள் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கல்லை எடுத்தவன் நான். அன்று விடிந்ததும் முதலில் சைட்டுக்குப் போனேன். காற்றில் சிமெண்ட் மூட்டை மேல் இருந்த தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். சைட்டில் சும்மா கிடக்கிற கல்லை எவன் யோசித்து எடுக்கிறான்?

இன்ஜினியரை நேரே கூட்டிப்போய்த் தார்ப்பாயைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டார். கூட வந்த கீழக்கரைக்காரன் அதைத் தமிழில் சொன்னான்.

"இம்புட்டுக் கல்லு கெடக்கு, ஒன்னய இதப் போயி எடுக்க வச்சது யாருன்னு கேக்குறாரு."

"காத்துன்னு சொல்லு."

சொன்னான். அவர் தலையாட்டினார், நான் அவருக்குச் சாட்சி சொன்னது மாதிரி.

"லீவு போச்சு மாப்ள," என்றான் கீழக்கரைக்காரன். "வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா வெறும் கல்லு. இப்ப காத்தும் சேந்துருச்சு."

தள்ளிப்போன இடத்தில் தோண்டியபோது பாறை தட்டியது. மகள் பிறந்த செய்தி வந்தபோது நான் வண்டியில் உட்கார்ந்து அதை உடைத்துக்கொண்டிருந்தேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது நாள்.

பழைய இடத்தில் யாரும் நடந்து நான் பார்க்கவில்லை. புது ஆபீஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை வைத்து அவர் சொன்னது சரி என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா? இன்னொன்றும் இருக்கிறது. தார்ப்பாய்க்குப் பத்தடியிலேயே ஒரு கல் குவியல் கிடந்தது. அதைத் தாண்டி அந்த மூலைவரை நான் ஏன் நடந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.