காது அடைக்கும் முன்பே

அந்தமானில் ஒரு தீவு. கடலுக்குள் இறங்கிக் காது வலி தாங்காமல் பாதியிலேயே மேலே வந்துவிட்ட நாலு பேர், படகின் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் குன்னூர்ப் பக்கத்து டீ ஃபேக்டரி ஸ்டாஃப். கூட்டி வந்தவன் நான், குன்னூரில் டிராவல்ஸ் நடத்துபவன். இத்தனை வருஷ டூர் தொழிலில் அப்படியொரு காலையை நான் பார்த்ததில்லை.

அந்த ஃபேக்டரிக்காரர்கள் வருஷா வருஷம் மூணாறுதான் போவார்கள். மலையில் இருப்பவர்கள் இன்னொரு மலைக்குப் போய், தேயிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இந்த முறை ஆபீஸ் கிளார்க் ஸ்டெல்லா விடவில்லை. ஸ்கூபா டைவிங், கடலுக்கடியில் மீன் என்று பேசிப் பேசியே எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். கடைசியில் காதைப் பொத்திய நாலு பேரில் அவரும் ஒருவர். கீழே போய் வந்தவர்கள் மீன் கதை பேசிச் சிரித்தபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டைவிங் மாஸ்டர் ரவி தூத்துக்குடிக்காரர், கறாரான ஆள். நாளைக் காலை இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அப்போதும் காது திறக்காவிட்டால் படகிலேயே இருக்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காது திறக்கும் என்று அவர் முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். நம்ம ஆட்களும் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் ரிசார்ட் டீயை எல்லோருமாகத் திட்டி முடித்த பிறகு, எப்போது ஊதினீர்கள் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"காது அடைச்ச பொறவுதானுங்க. அடைக்காம எதுக்குங்க ஊதறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குன்னூர் மலையிலிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான். பாதி வழியில் பர்லியார் வரும், காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஒரு ஊது ஊதினால் திறந்துவிடும். அந்த பஸ் பழக்கத்தைக் கடலுக்குள்ளும் கொண்டுபோய்விட்டார்கள். தண்ணீருக்குள் அடைத்த பிறகு ஊதினால் வலிதான் மிஞ்சும்.

"நாளைக்குத் தண்ணிக்குள்ள எறங்கறதையும் பஸ்ஸுல எறங்கறதாவே நெனச்சுக்குங்க. குன்னூர் ஸ்டாண்டுல பஸ்ஸு கெளம்பறப்பவே ஊதீருங்க. பொறவு ஒவ்வொரு வளைவுக்கும் ஒருக்கா, மெதுவா" என்றேன்.

மறுநாள் நானும் இறங்கினேன். ரவி பிடித்துக்கொள்ள, ஸ்டெல்லா ஊதினார், கொஞ்சம் இறங்கினார், மறுபடி ஊதினார். அப்படியே அடிமணல் வரை போய்விட்டார். மஞ்சள் மீன் கூட்டமொன்று அவரைச் சுற்றிக்கொண்டது. ரவி மேலே போகலாம் என்று சைகை காட்ட, மாட்டேன் என்று தலையாட்டினார். சந்தோஷத்தில் மாஸ்க்குக்குள்ளேயே எனக்குக் கண் கலங்கியது. மற்ற மூன்று பேரும் அதே மாதிரி ஊதி ஊதி இறங்கிவிட்டார்கள்.

மேலே வந்து வாயிலிருந்த குழாயை எடுத்ததும் ஸ்டெல்லா கேட்டது இதுதான்: "நானு போனத எல்லாருமே பாத்தீங்கல்ல?"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் முகம் வாடிய பிறகு விசாரித்துப் பிரயோஜனமில்லை. நான் இப்போதெல்லாம் வண்டி கிளம்பும் முன்பே ஒவ்வொருவரிடமும், "நீங்க எதைங்க பாத்தே ஆகோணும்?" என்று கேட்டுவிடுகிறேன். பதில் சொல்லும்போது யார் குரல் நடுங்குகிறதோ, அந்த டூர் அவருக்காகத்தான் போகிறது.