லுட்வினாவுக்கு வாய்த்த கம்பெனிகள்

அவுடனார்டே வட்டாரத்தில் லுட்வினாவைத் தெரியாத சைக்கிள் வீரன் கிடையாது. ஆனால் அவள் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. அவள் இருந்தது ஒரே பந்தய அணி. அதற்குப் பணம் போட்ட கம்பெனிதான் மாறிக்கொண்டே இருந்தது, அதோடு அணியின் பெயரும். முதலில் தரைவிரிப்பு, பிறகு ஜன்னல் கண்ணாடி, அப்புறம் காது கேட்கும் கருவி, கடைசியில் கோழித்தீவனம். ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன, வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுவதும், துணி துவைப்பதும், பந்தயப் பாதையோரம் நின்று சாப்பாட்டுப் பையை நீட்டுவதும்தான் அவள் பிழைப்பு.

கம்பெனி மாறினால் புதுச் சட்டையும் புதுக் கோட்டும் சும்மா வரும். அதனால் அவள் துணிக்கடைப் பக்கம் போய் வெகுகாலம். தன் அம்மாவின் அடக்கத்துக்கே முதுகில் காதுக் கருவி விளம்பரத்தோடுதான் போய் நின்றாள். பாதிரியார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. வருஷத்தில் பாதி ஓட்டல் அறைகளில் கழிந்தது, மீதி அடுத்த பந்தயத்துக்குக் காத்திருப்பதில்.

அவளுக்கென்று யாராவது உண்டென்றால் அது வானஸ்தான். அந்த அணியின் நட்சத்திரம் அவன். அங்கே இருந்த நான்கு வருஷமும் கோழித்தீவனத்தின் ஆரஞ்சுச் சட்டையில் ஜெயித்தவன். காதலியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் மசாஜ் மேசையில் குப்புறப் படுத்தபடி அவளிடம் சொல்வான்.

போன கோடையில் அணியின் முதலாளி ஃபிர்மின் எல்லாவற்றையும் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்களுக்கு வீரர்கள் போதும். வேலைக்காரர்களை அவர்களே கூட்டிவந்தார்கள். லுட்வினா இடிந்துபோய் நின்றாள். அன்று வானஸ்தான் தேற்றினான்.

“கவலைப்படாதீங்க லுட்வினா. என் ஒப்பந்தத்துலேயே உங்க பேரை எழுதச் சொல்றேன். நான் எங்கேயோ, நீங்களும் அங்கேதான்.”

பெரிய வீரர்கள் தங்களுக்குக் கால் பிடிப்பவரை இப்படிக் கூடவே இழுத்துப் போவது வழக்கம்தான். அதனால் அவள் நம்பினாள். இலையுதிர்காலம் முழுக்கக் குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு போனாள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது, ஊருக்கெல்லாம் போன அதே படம். பாவம், பயிற்சியில் இருப்பான் என்று அவளே அவனுக்காகச் சாக்கும் சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் கோழித்தீவனக் கம்பெனி, கைக்கடக்கமான ஒரு சின்ன அணியைப் பிடித்துக்கொண்டது. அதை நடத்துகிற ஓடீல் முன்பு கசாப்புக்கடை வைத்திருந்தவர். தினக்கூலிக்கு வரச்சொல்லி லுட்வினாவைக் கூப்பிட்டார். பழைய ஆரஞ்சுக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்தால் தனக்குப் புதுக்கோட்டுச் செலவு மிச்சம் என்றும் கூச்சமில்லாமல் சொன்னார். வானஸ் கூப்பிடும்வரைதான் வருவேன் என்ற நிபந்தனையோடு அவள் ஒப்புக்கொண்டாள்.

பிப்ரவரி கடைசியில் முதல் பந்தயம். ஊசி குத்துகிற மழை. பாதையோரம் வரிசையாக நின்ற ஆட்களுக்கு நடுவே பையின் வாரைப் பிடித்துக் கையை நீட்டிக்கொண்டு லுட்வினாவும் நின்றாள். கூட்டமாக வந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் சட்டென்று ஒதுங்கி, நேராக அவளிடமே வந்து பையைப் பறித்துக்கொண்டு போனான். வானஸ்! அந்த வெள்ளைதான் அவனுடைய புது அணியின் சட்டை. பின்னால் வந்த அவள் அணி வீரன் வெறுங்கையோடு போனான்.

ஓடீலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கூலி நான் கொடுக்கறேன், சோறு அவனுக்குப் போடறீங்களா?”

அவள் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் முகத்தில் வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை கைகளில் தன் கையைத் தேடியல்லவா வந்திருக்கிறான்! அப்படியானால் கொடுத்த வாக்கும் நினைவிருக்கும். அந்தக் குளிரிலும் அவளுக்கு உடம்பெல்லாம் கதகதப்பாக இருந்தது.

பந்தயம் முடிந்ததும் பெரிய அணியின் பஸ்ஸைத் தேடிப் போனாள். அவளை யாரென்றே தெரியாத ஒருவன் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவைத்தான். வானஸ் ஈரத்தலையோடு இறங்கி வந்து, பார்த்ததுமே ஓடிவந்து கட்டிக்கொண்டான். அதில் பொய் இல்லை. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க வந்தவள், முதலில் பையைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

“என்கிட்டதான் வாங்கணும்னு வந்தியா?”

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“அட, அது நீங்களா? சத்தியமா முகத்தைப் பார்க்கலை. நாலு வருஷப் பழக்க தோஷம், ஆரஞ்சைக் கண்டதும் கை தானாப் போயிருச்சு. பசங்க இதைச் சொல்லியே என்னை ஓட்டறாங்க.”

லுட்வினாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போன் பண்ணுகிறேன் என்று சொல்லி அவன் ஏறிக்கொண்டான்.

திரும்பி நடந்தபோது நான்கு வருஷமும் அவன் எதைப் பார்த்து வந்தான் என்ற கேள்வி விடாமல் கூடவே வந்தது. வேனில் ஓடீல் அவள் முகத்தைப் பார்த்தார், கோபம் இறங்கியிருந்தது. ஒரு கோப்பை சூப்பை நீட்டி, அடுத்த வாரம் வருவாளா, இல்லை அந்தப் பையன் கூப்பிட்டுவிட்டானா என்று கேட்டார்.

“கூப்பிட மாட்டான்,” என்றாள் லுட்வினா. “வருஷம் பூராவுக்கும் என் பேரைப் போட்டுக்கோங்க.”