எட்டுச் சக்கரம்

அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர், நண்பர்களிடம் அவருடைய நற்குணங்களோடு என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார். ஈரோட்டு எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, கூட்ஸ் டிரைவராக ஓய்வு பெற்றார். அகலப் பாதையில் சரக்கு இழுப்பதற்கென்றே, அவர் பிறக்கும் முன்பு சீமையில் செய்த நீராவி எஞ்சின்கள் அவர் ஓட்டியவை. பாசஞ்சர் வண்டிக்கு மாற்றியபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்.

பிறகு மலையாள மண்ணில், ஆரியசாலையில் எங்களோடு இருந்தார். மாலை நாலரைக்கு ஸ்டேஷனுக்கு நடந்து, கூட்ஸ் வண்டிகளைப் பார்த்து, பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டு ஆறுக்குத் திரும்புவார்.

ஓர் ஓணத்தன்று, தம் எஞ்சினுக்கு எட்டுச் சக்கரம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னார். நான் சுவரிலிருந்த எஞ்சின் படத்தைக் கழற்றி எண்ணினேன். ஒரு பக்கம் பெரியது நான்கு, முன்னால் சிறியது ஒன்று.

"பத்துப்பா."

"எட்டுதான் மக்கா."

"மாமா, ரெண்டு சக்கரத்தைச் சாலைக் கடையில பழைய இரும்புக்கு வித்துட்டியளா?" என்றார் தங்கை கணவர். எல்லோரும் சிரித்தோம். அப்பா படத்தை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார்.

"அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது" என்று டைரியில் எழுதினேன். இனித் தனியே வெளியே போக வேண்டாம் என்றேன். "சரிடே" என்றார். கடைசிப் பதினோரு மாதமும் நாலரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கூட்டிப் போனது மூன்று மாலைகள். டைரியில் இருக்கிறது.

பதினாறாம் நாள், அவரிடம் ஃபயர்மேனாக இருந்த பெரியவர் ஈரோட்டிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்ததும், "எட்டுச் சக்கர வண்டியாச்சே" என்றார். பத்தல்லவா என்றேன்.

"முன்னால இருக்கற குட்டியையுமா எண்ணுனீங்க? அது வளைவுல வழி காட்டுங்க, இழுக்காது. இழுக்கற சக்கரத்தை மட்டுந்தான் நாங்க சொல்றது."

ஏன் எட்டு என்று கேட்டிருந்தால் அப்பாவே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், அண்டை வீட்டாருக்கும், அந்தப் பெரியவருக்கும் எங்கள் நன்றி. "அப்பூப்பனைக் காணானில்லல்லோ", தாத்தாவைக் காணோமே என்று வீடு தேடி வந்து விசாரித்த ஸ்டேஷன் டீக்கடைக்காரருக்கு என் தனி நன்றி. அன்று அவரை வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டைரியில் அந்த வரியை அடிக்கவில்லை. கீழே எழுதியிருக்கிறேன்: எண்ணியதில் தவறு என்னுடையது. இழுக்கும் சக்கரம் எட்டு.