எண்ணெய் உறைந்த ஞாயிற்றுக்கிழமை

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் மாமி ஒரு கட்டளை போட்டார். "செத்தவை எல்லாரையும் தெய்வமெண்டு எழுதுவினம். நீ அப்பிடி எழுதாதை. கொப்பர் சாதாரண மனிசன்." மாமி என்பது அப்பாவின் சொந்த அக்கா. அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி இந்த வீட்டில் எவருக்கும் பழக்கமில்லை. ஆகவே சாதாரணமாகவே எழுதுகிறேன்.

அப்பா மன்னாரில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதினார். சண்டை பெருத்த பின் கடல் கடந்து தனியாகப் பலெர்மோ நகருக்கு வந்து, அதன் கரையோரத்தில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, வருத்தத்தில் விழும்வரை அதே குசினியில் வேலை செய்தார். பிறகு அம்மாவையும் என்னையும் தங்கச்சியையும் கூப்பிட்டு, நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் குடிவைத்தார்.

அந்த வீட்டின் சுவர்கள் வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈரம் கசியும். வெப்பமூட்ட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு காஸ் அடுப்பு. இந்த ஊர்ப் பேச்சில் ஸ்தூஃபா. அதற்கான சிலிண்டரை அப்பாதான் மூன்று மாடியும் தோளில் சுமந்து வருவார். கோடை முடிந்ததும் அதை எப்போது கொளுத்துவது என்பதில் முதல் வருடமே வீட்டில் பெரிய சண்டை. அம்மாவுக்கு செப்டெம்பரிலேயே குளிரும். நாள் முழுக்க அனலில் நிற்கும் அப்பாவுக்கு மார்கழியிலும் வியர்க்கும். கடைசியில் அப்பா ஒரு நடுவரை நியமித்தார்: குசினித் தட்டில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல். எண்ணெய் உறைந்தால் ஸ்தூஃபா எரியும், உறையாவிட்டால் எரியாது. அழுதாலும் பலனில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், மாமி எங்களிடம் வந்தார். கணவரையும் வீட்டையும் இழந்து, ஒரு பையோடு வந்தார். முட்டு வருத்தம் வேறு. படி ஏறினாலே மூச்சு இழுக்கும். வந்த கிழமையே அப்பா சந்தையில் அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தார். மாமி அதை மேசையில் வைத்துவிட்டுத் தன் சேலைகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார்.

"எனக்கெண்டு ஒரு சாமானும் வாங்கக் கூடாது, ஒரு செலவும் செய்யக் கூடாது. செய்தால் நான் பகேரியாவுக்குப் போயிடுவன்."

பகேரியாவில் ஒரு மாளிகையில் வேலை செய்த ஊர்க்காரி ஒருவர் தன் அறையில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தாராம். அது மாடிப்படிக்குக் கீழே உள்ள, யன்னல் இல்லாத அறை. இந்த வருத்தத்தோடு அங்கே போனால் மாமி பிழைக்கமாட்டார் என்று அப்பா பயந்தார்.

"அது எனக்கு வாங்கினது, அக்கா," என்றார். பூப்போட்ட அந்தப் பெண்கள் சட்டையை அந்தக் குளிர்காலம் முழுக்க வேலைக்குப் போட்டுக்கொண்டு போனார். கடையில் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

செப்டெம்பர் கடைசியில் மழை ஒன்று பெய்து சுவர் ஊறியது. மாமியின் இழுப்பு அடுத்த அறைக்குக் கேட்கும். குளிருதோ என்று விசாரித்தால், "எனக்குக் குளிரேல்லை, தூசியாலை இழுக்குது" என்பார். எண்ணெயோ தண்ணீர் மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா ஸ்தூஃபாவைக் கொளுத்துவமே?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"சட்டத்தை மீறினால் ஏனெண்டு அக்காவுக்கு விளங்கும். உடனை வெளிக்கிட்டிடுவா."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பா போத்தலோடு வந்து அதைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"உறைஞ்சிட்டுது. சட்டம் சட்டம்தான். ஸ்தூஃபாவைக் கொளுத்துங்கோ."

"அப்பா, சனம் கடல்லை குளிக்குது!" என்றாள் தங்கச்சி.

"அதை எண்ணெயோடை கதை."

மாமி போத்தலை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். கரண்டிக் காம்பால் கிண்டி எடுத்துத் தலையில் தடவினார். "ஓம், நல்லா உறைஞ்சுதான் கிடக்கு," என்றார். யன்னலைச் சற்றே நீக்கி வைத்து, அம்மா ஸ்தூஃபாவைக் கொளுத்தினார். எங்களுக்கு வியர்த்து ஊற்றியது. மாமியின் இழுப்பு அன்றிரவே தணிந்துவிட்டது. போத்தலைப் பிரிஜ்ஜில் வைத்தது தங்கச்சியின் குறும்பு என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். அவள் பாவம், சத்தியம் செய்தும் நான் நம்பவில்லை.

மாமி எங்களோடேயே இருந்தார். இரண்டு வருடம் முன்பு அப்பாவின் சிறுநீரகம் பழுதானபோது அவரைக் குளிப்பாட்டியதும், கஞ்சி பருக்கியதும், கடைசி மூச்சில் செபம் சொன்னதும் மாமிதான்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது மாமி தானாகச் சொன்னார்.

"எண்ணெய் உறைஞ்ச அண்டைக்கு, உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதெண்டு, விடியவே பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழை வைச்சிட்டன். சாப்பிட்டிட்டுப் போறதெண்டுதான் இருந்தனான். போத்தலைத் தொட்டால் ஐஸ். தலையிலை பூசினால் மீன் வெடுக்கு. தட்டிலை கிடந்த எண்ணெயிலை மீன் எப்பிடி மணக்கும்? கொப்பர் கடையாலை கொண்டுவாற மீனுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிசன், பிள்ளை. எனக்காக முழு வீட்டையும் ஏமாத்திக்கொண்டு நிக்குது. அதை விட்டிட்டு எங்கை போறது?"

"அப்பாவுக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னால் வெக்கப்படுவார்."

எனக்கு அழுகை வந்தது. மாமி என் கையில் ஒரு துணியைத் தந்து, பாத்திரத்தைத் துடைக்கச் சொன்னார்.

அப்பாவுக்காகச் செபித்த பங்குத்தந்தைக்கும் பங்கு மக்களுக்கும், ஒடுங்கிய படிகளில் பெட்டியைச் சுமந்து இறக்கிய கால்சா அயலவர்களுக்கும், அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்த முதலாளிக்கும், தூர இடங்களிலிருந்து வந்த உறவினர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள். மாமிக்கு மட்டும் இங்கே நன்றி எழுதவில்லை. எழுதினால் பையைக் கட்டிவிடுவார்.