முழக்கோலின் சுண்டுவிரல்

துறைமுகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முழக்கோல் என்றால்தான் திரும்புவார். மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு நாற்பது வருஷமாக மீன் வாங்கிப் போடுகிறவர். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் படித்தவர்கள் நாலு பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, புத்தகம் புரட்டி, கூடிப் பேசிச் சொல்கிற விஷயத்தை, அவர் மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்துகொண்டே சொல்லிவிடுவார். இது இன்றைக்குப் பிடித்தது, இது முந்தாநாள், இது எப்போது பிடித்தது என்று பிடித்தவனுக்கே தெரியாது. சொன்னால் சொன்னதுதான்.

பதினோரு வயதில் கூடை கழுவ வந்தவர். கூடை கழுவி, ஐஸ் உடைத்து, வண்டி தள்ளி, தராசு பிடித்து, கடைசியில் மீன் வாங்குகிறவரின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நடுவில் யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. "என்னைத் தூக்கிவிட்டது இந்தக் கைதான்" என்று வலது கையை விரித்துக் காட்டுவார்.

அது சாதாரணக் கை அல்ல. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை விரித்தால் சரியாக இருபத்திரண்டு சென்டிமீட்டர். கம்பெனியின் பழைய முதலாளி, இப்போதைய முதலாளியின் அப்பா, ஒரு நாள் ஸ்கேலைக் கொண்டுவந்து துறைமுகமே பார்க்க அந்தக் கையை அளந்தார். முடி அளவுகூட ஏறவில்லை, இறங்கவில்லை. "இவன் மனுஷன் இல்லடா, முழக்கோல்" என்றார். அளந்தது சாண், வைத்த பெயர் முழக்கோல். முதலாளி வைத்த பெயரைத் திருத்த அங்கே யாருக்குத் தைரியம். அதுவே நிலைத்துவிட்டது. அதன்பிறகு அவர் ஸ்கேலையோ டேப்பையோ தொட்டதில்லை. வீடு கட்டும்போதுகூட ஜன்னல்களுக்குக் கொத்தனார் அவர் கையைத்தான் பிடித்து அளந்தார். ஒவ்வொரு ஜன்னலும் தரையிலிருந்து எட்டுச் சாண் உயரம். கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்வார்.

தொப்பி விஷயம் இன்னொன்று. அந்தத் துறைமுகத்தில் மீன் வாங்குகிறவர் பெட்டியைப் பார்ப்பார், அளப்பார், பிடித்திருந்தால் தலையிலிருக்கிற தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைப்பார். வைத்துவிட்டால் மீன் கம்பெனியுடையது. ரசீதெல்லாம் பிறகு. வைத்த தொப்பியைத் திரும்ப எடுத்த ஆள் அங்கே கிடையாது. எடுத்தால் மறுநாளிலிருந்து ஒரு படகும் அவருக்கு மீன் காட்டாது. முழக்கோலின் தொப்பி நீலத் துணித்தொப்பி. அது பெட்டியில் உட்கார்ந்தால் முத்திரை குத்தின மாதிரி.

இப்படி ராஜா மாதிரி இருந்தவருக்கு, போன வருஷம் ஒரு காகிதம் வந்தது. கம்பெனியின் மீனை மொத்தமாக வாங்கிப் பல ஊர்க் கடைகளில் விற்கிற பெரிய வியாபாரிகள் அனுப்பியது. இனிமேல் ஒவ்வொரு பெட்டியும் எந்தப் படகு, எந்த இடம், எந்த வலை என்று எழுதியிருக்க வேண்டும். சங்கரா மீன் இருபத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வாங்கக் கூடாது. ஒரு தடவையாவது முட்டையிடாத மீனைப் பிடித்துத் தின்றுகொண்டே போனால் கடலில் மிச்சம் என்ன இருக்கும் என்று விளக்கமும் போட்டிருந்தது.

முதலாளி வாசித்துக் காட்டியதும் முழக்கோலுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "இருபத்திரண்டா? நல்லாக் கேட்டீங்களா தம்பி? என் கையைப் பார்த்துட்டுத்தான் சட்டமே போட்டிருக்காங்க" என்றார்.

அன்றிலிருந்து மீன்மேல் சாண் வைப்பார். வால் சுண்டுவிரலைத் தாண்டினால் தொப்பி, தாண்டாவிட்டால் "கொண்டு போ". கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, ஐந்து மாதம் அந்தக் கம்பெனிக்குள் ஒரு குஞ்சு மீன் நுழையவில்லை.

ஆறாவது மாதம் ஐஸ் பெட்டி ஒன்று சரிந்து அவர் வலது சுண்டுவிரல்மேல் விழுந்தது. டாக்டரிடம் போகச் சொன்னார்கள். "விரலுக்கு ஒரு டாக்டரா" என்று வலை நூலை எடுத்துத் தானே கட்டிக்கொண்டார். இருபது நாளில் சரியாகிவிட்டது. சரியானது என்பது அவர் கணக்கு. விரல் தூண்டில் முள் மாதிரி உள்பக்கம் வளைந்து நின்றுவிட்டது. "முன்னைவிட இப்பத்தான் பிடி நல்லா இருக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரியாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த வாரமே, கோடு போட்ட மரப்பலகை ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மீனைப் படுக்க வைத்தால் நீளம் தெரியும்.

"இது எதுக்கும்மா?"

"அளக்கிறதுக்கு ஐயா."

"அப்போ இது எதுக்கு?" என்று கையை விரித்தார்.

அவள் அந்த வளைந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, முதலாளி வருவதைப் பார்த்து விழுங்கிவிட்டாள். பலகை அவர் அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மேசை அன்றோடு ஆட்டத்தை நிறுத்தியது. பலகை எங்கே என்று அவள் எப்போது கேட்டாலும், "பத்திரமா, ரொம்ப உபயோகமா இருக்கு" என்பார். அதில் பொய் இல்லை.

இப்படி ஏழு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். பெரிய வியாபாரிகளின் ஆள் புதன்கிழமை சோதனைக்கு வருகிறார். குளிர் அறையில் பத்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். குட்டை மீன் அகப்பட்டால் கம்பெனியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அடித்தால் கம்பெனி மூடவேண்டியதுதான்.

"ஒவ்வொரு மீனையும் நீங்க கையால அளந்துதான் வாங்குறீங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். உங்களை நம்பித்தான் இருக்கேன்."

"நீங்க நிம்மதியாத் தூங்குங்க தம்பி" என்றார் முழக்கோல்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்காரி கூடத்து ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். துணி அவர் வாங்கிவந்தது. கடைக்காரர் டேப்பை எடுத்தபோது, "அதை உள்ளே வை" என்று சொல்லி, எட்டுச் சாண் தானே அளந்து, மடிப்புக்கு நாலு விரலும் சேர்த்து வெட்டச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரும்போது திரை தொங்கிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து பார்த்தால், திரைக்குக் கீழே கூடத்து நாற்காலிக் கால்கள் நாலும், அதில் உட்கார்ந்திருந்த மச்சினனின் கால்கள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. மச்சினன் வீட்டுக்காரியின் தம்பி, சொந்தப் படகு வைத்திருப்பவன்.

"என்ன இது, பாவாடைத் துணி மாதிரி?" என்றார் முழக்கோல்.

"அதை நீங்கதான் சொல்லணும். எட்டுச் சாண் ஜன்னலுக்கு எட்டுச் சாண் துணி. எங்கே போச்சு மீதி?"

"தண்ணியில நனைச்சிருப்ப. சுருங்கியிருக்கும்."

"இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி படலை."

"தையல்ல இழுத்திருப்ப."

"முப்பது வருஷமாத் தைக்கிறேன். இதுவரைக்கும் என் மிஷின் துணி தின்னதில்லை."

"அப்போ ஜன்னல் இறங்கியிருக்கும். வீடு பழசாயிடுச்சுல்ல."

மச்சினனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாயிலிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. "அக்கா, ஜன்னலை விடு. அத்தான் கையை அள."

அவள் கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்து, அவர் கையைப் பிடித்து மேசைமேல் விரித்தாள். கட்டைவிரல் நுனியில் ஒரு முனை. மறுமுனையைச் சுண்டுவிரலுக்குக் கொண்டுபோனாள். இரண்டு தடவை பார்த்தாள்.

"பத்தொன்பது."

"நல்லாப் பாரு."

"பத்தொன்பதுதான். கொஞ்சம் இழுத்தாப் பத்தொன்பதரை. இழுக்கவா?"

முழக்கோல் கையைப் பிடுங்கிக்கொண்டார். மச்சினன் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"எனக்கு மட்டுமா? துறைமுகத்துக்கே தெரியும் அத்தான். ஏழு மாசமா நீங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பின பெட்டி ஒண்ணு சொல்லுங்க. உங்க விரல் மடங்கினதிலேர்ந்து எங்க மீனெல்லாம் வளர்ந்துடுச்சு. நான்கூட வலையைச் சின்னக் கண்ணா மாத்திட்டேன்."

"ஒருத்தன்கூடச் சொல்லலையே."

"உங்ககிட்ட யார் சொல்றது? சொன்னாக் கேட்கிற ஆளா நீங்க? அதோட, சொன்னா எங்களுக்கு என்ன லாபம்?" என்ற மச்சினன், குரலைத் தாழ்த்தினான். "விடுங்க அத்தான். நாளைக்குச் சோதனைன்னு துறைமுகமெல்லாம் பேச்சு, பத்துப் பெட்டிதானே திறப்பாங்க. பழைய சரக்குல நல்லதாப் பத்தை எடுத்து முன்னாடி அடுக்கிடுங்க. வர்ற ஆள் குளிர்ல நடுங்கிட்டு அஞ்சே நிமிஷத்துல வெளியே ஓடி வந்துடுவான்."

முழக்கோல் வளைந்த விரலை மறு கையால் நிமிர்த்திப் பார்த்தார். கம்பெனி போனால் நாற்காலி போகும், அது ஒரு பக்கம். ஆனால் அவரைக் குடைந்தது வேறு. ஏழு மாதமாக அவர் சாண் வைக்கும்போதெல்லாம் சுற்றி நின்றவர்கள் "ஆமாண்ணே, சரியா இருக்குண்ணே" என்று தலையாட்டியது மரியாதையால் என்று நினைத்திருந்தார். சிரிப்பை அடக்கத்தான் அத்தனை பேரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

"நாளைக்கு எதால அளக்கப் போறீங்க, கையாலயா, டேப்பாலயா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். கேலியில்லை, சும்மாதான் கேட்டாள். அவர் கூடத்திலேயே பாயை விரித்துச் சீக்கிரமே படுத்துவிட்டார். குட்டைத் திரைக்கு அடியில் புகுந்த தெரு விளக்கு வெளிச்சம் சரியாக அவர் முகத்தில் விழுந்தது.

புதன்கிழமை காலை முதல் வேலையாக, தன் அறைக்குப் போய் மேசைக்கு அடியிலிருந்து பலகையை உருவினார். மேசை சாய்ந்தது, மேலேயிருந்த டீ அத்தனையும் அவர் மடியில் இறங்கியது. ஈரக் கால்சட்டையோடு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தார்.

அங்கே முதலாளி, தர அதிகாரிப் பெண், புது பூட்ஸ் போட்ட சோதனைக்காரர் மூவரும் நின்றிருந்தார்கள். படகுக்காரர்கள் சுற்றிக் கூடியிருந்தார்கள். முதலில் வந்தது மச்சினனின் பெட்டி. முழக்கோல் குனிந்தார், சாண் வைத்தார், வால் வளைந்த விரலைத் தாண்டியது, தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். நாற்பது வருஷப் பழக்கம். மூளைக்குச் சேதி போவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது.

வைத்த பிறகுதான் கக்கத்திலிருந்த பலகை உறுத்தியது. தொப்பியைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

படகுக்காரர்கள் அவர் தலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அத்தான், தொப்பி வச்சாச்சு" என்றான் மச்சினன்.

"வச்சேன். இப்போ எடுத்துட்டேன்."

"இது என்ன நியாயம்? வச்சா வச்சதுதானே?"

"நியாயம் கேக்குற மூஞ்சியைப் பாரு. உன் மீன் குட்டை. அளந்த என் கையும் குட்டை. அது உனக்கு ஏழு மாசமாத் தெரியும், எனக்கு நேத்துத்தான் தெரியும்." பலகையைக் கீழே வைத்து மீனைப் படுக்க வைத்தார். பத்தொன்பதேகால். அடுத்தது இருபது. "தூக்கிட்டுப் போ. பெரிய கண் வலை போட்டுட்டு வா."

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, உங்களுக்கு உடம்பு ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. விரலுக்குத்தான்." சோதனைக்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க பத்துப் பெட்டி திறக்க வந்திருக்கீங்க. பத்து பத்தாது. எதைத் திறக்கணும்னு நான் காட்டுறேன். நான் வாங்கின தப்பை என்னை மாதிரி வேற எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

அதற்குப் பிறகு குளிர் அறையில் மூன்று மணி நேரம். சோதனைக்காரர் நடுங்கினார், ஆனால் ஓட முடியவில்லை. முழக்கோல் விடவில்லை. இது எந்தப் படகு, எந்தக் கிழமை வந்தது என்று பெட்டியைத் தட்டிச் சொல்ல, தர அதிகாரிப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். சரக்கு பெரும்பாலும் அவ்வப்போது வெளியே போய்விட்டிருந்தது. இருந்ததில் முப்பத்தேழு பெட்டி குட்டை.

"இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார் சோதனைக்காரர், உதடு நீலமாக.

"நான்தான்" என்றார் முழக்கோல். பிறகு என்ன தோன்றியதோ, "எங்க வீட்டு ஜன்னலும் கூட இருந்துச்சு" என்றார். சோதனைக்காரர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

முதலாளி அன்றைக்கு அவரோடு பேசவில்லை. கடிதம் பத்தாவது நாள் வந்தது. கம்பெனி பட்டியலில் இருக்கும், ஆனால் மூன்று மாதத்தில் மறுபடி சோதனை, எல்லா மீனும் பலகையில் அளக்கப்பட வேண்டும். வாங்குகிறவர் தன் தவறைத் தானே காட்டிக்கொடுத்ததால்தான் இந்தச் சலுகை என்று கடைசி வரி. முதலாளி அந்த வரியை வாசித்துக் காட்டினார். முழக்கோல் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

முப்பத்தேழு பெட்டியையும் விற்கக் கூடாது என்பதால் அது கம்பெனி கேன்டீனுக்குப் போனது. மூன்று வாரம் காலையும் மதியமும் குட்டைச் சங்கராதான். தொழிலாளர்கள் முள்ளைத் துப்பிக்கொண்டே அவர் விரலை வாழ்த்தினார்கள்.

தொப்பியை எடுத்த மறுநாளிலிருந்து இரண்டு நாள் ஒரு படகும் அவருக்கு மீன் காட்டவில்லை. மூன்றாம் நாள் மச்சினன்தான் முதலில் வந்தான், பெரிய கண் வலையில் பிடித்த பெட்டியோடு. "அளந்து பாருங்க அத்தான், பலகையில" என்றான். பலகையில் ஒவ்வொன்றும் இருபத்திரண்டைத் தாண்டியது. முழக்கோல் புதுத் தொப்பியைக் கழற்றி வைத்தார், இந்தத் தடவை சிவப்பு.

வீட்டுத் திரைக்கு அடியில் வேறு நிறத்தில் ஒரு சாண் துணி ஒட்டுப் போட்டாயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோது, இப்போது பெரிய வீடுகளில் எல்லாம் இப்படித்தான் தைக்கிறார்கள் என்று அவர் சொன்னார், அவர்களும் நம்பினார்கள். துறைமுகத்தில் புதிதாக யார் வந்தாலும், இங்கே பலகையைக் கொண்டுவந்ததே நான்தான் என்கிறார். தர அதிகாரிப் பெண் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பலகை போனதால் அவர் மேசை இரண்டு நாள் ஆடியது. இப்போது ஆடுவதில்லை. அந்தக் காலுக்கு அடியில் நீலத் தொப்பி நாலாக மடிந்து கிடக்கிறது. ஒரு தடவை எடுத்த தொப்பி வேறு எதற்கு ஆகும்.