கொடியில் காய்ந்த காக்கி

2011-ல் நடந்தது. நான் பெண் காவலர். வீடு சுசீந்திரம் பக்கம். இரண்டரை வயதாகியும் என் மகளுக்கு நடை வரவில்லை. தினமும் மூன்று வேளை காலுக்குப் பயிற்சி கொடுத்தால் நடப்பாள் என்று நெய்யூரில் டாக்டர் சொன்னார். பந்தோபஸ்து, நைட் டூட்டி என்று அலைகிறவள் மூன்று வேளைக்கு எங்கே போவது? மனு மேல் மனு எழுதி, அதிகாரிகள் முன்னால் நின்று நின்று, ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு வாங்கினேன்.

அதைவிடப் பெரிய பாடு தெருவில் காத்திருந்தது. போலீஸ்காரி பகலில் வீட்டில் இருந்தால் சஸ்பெண்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பால் வாங்கப் போனால், எவ்வளவு லஞ்சம் வாங்கி மாட்டினாய் என்பதுபோல ஒரு பார்வை. விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். மாமியாருக்கோ தன் மகளின் கல்யாணக் கவலை. எனக்கு வேலை இருக்கிறது என்று ஊர் நம்புவதற்காக, வாராவாரம் என் காக்கிச் சட்டையைத் துவைத்துத் தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டார்கள். உடுத்தாத சட்டை துவைத்தே வெளுத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் மாமா, சஸ்பெண்டா என்று நேராகவே கேட்டுவிட்டார். விடுப்பு ஆணையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தவர், சம்பளம் கிடையாது என்ற வரியில் விரலை வைத்தார். "அப்போ சஸ்பெண்டுதானம்மா."

பொறுமை போய்விட்டது. "சஸ்பெண்ட் ஆனவங்களுக்கே பாதிச் சம்பளம் உண்டு சார். எனக்கு அதும் இல்ல. தப்பு செஞ்சிருந்தா லாபமா இருந்திருக்கும்" என்றேன். நாத்தனார் கண் கலங்கி நின்றாள். அவள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமியார் உள்ளே போய் என் மகளைத் தூக்கிவந்து, தரையில் நிறுத்தி, கையை விட்டார்கள். அதுவரை சுவரைப் பிடித்தே நடந்துகொண்டிருந்தவள், அத்தனை பேர் நடுவே தள்ளாடித் தள்ளாடி நாலு அடி வைத்து என் முழங்காலைப் பிடித்தாள்.

"இவ நடக்கதுக்குத்தான் அவ வீட்டுல இருந்தா. இதுக்குமேல காட்டதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்கள் மாமியார்.

சம்பந்தம் முடிவானது. மறுவாரம் கொடியில் காக்கி இல்லை. நான் வேலையில் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும், பஸ் ஸ்டாப்பில் இன்னும் யாராவது, "வேலையில திரும்ப எடுத்துட்டாங்களா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். முன்பு எரிந்து விழுவேன். இப்போது, பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மகளைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிடுகிறேன்.