மருமகனுக்கு ஐ.டி., மகனுக்கு சர்க்கார் ஆபீஸ்

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில், போளியின் மேல் பால் பாயசம் விழுவதற்குள் இரண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தையாவது நான் முடிவு செய்துவிடுவேன். "சார், பையன என்ன படிக்க வைக்கலாம்?" என்று பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். நான் ஹைஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டுமென்றால் சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைப்பவன். ஆனாலும் பதில் தயாராக இருக்கும்: "ஐ.டி.யில விடும்." அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன். கழக்கூட்டத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, அங்கே போகிறவர்கள் கழுத்து அட்டையைக் கழற்றாமலே கோவிலுக்கும் வருகிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பந்தியில் ஒரு சேதியை மட்டும் நானாகச் சொல்லமாட்டேன். என் சொந்த மகன் கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்.

என் மகனுக்கும், எனக்கு மருமகன் முறையாகும் தங்கை மகனுக்கும் ஒரே வயது. இருவரும் சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதினார்கள். இங்கே எல்லாரும் எழுதுவார்கள். டாக்டருக்குப் படித்தவன்கூட ஒரு தடவை எழுதிப் பார்ப்பான். என் மகன் முட்டி மோதி மூன்றாவது தடவை தேறினான். தங்கை மகனோ இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் விளையாட்டாக எழுதி முதல் தடவையிலேயே ரேங்க் பட்டியலுக்குள் வந்தான். அதே சமயம் பெங்களூரில் ஒரு கம்பெனியும் அவனைக் கூப்பிட்டது. அவனுக்கு சர்க்கார் வேலைதான் ஆசை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பந்து விளையாடலாம் என்றான். தங்கைக்கும் மகன் கண்ணெதிரே இருந்தால் போதும்.

நான் தங்கை வீட்டுக்குப் போனேன். "நீ கிளார்க்கா இருக்கவா பொறந்த, மக்கா?" என்று தொடங்கி இரண்டு மணி நேரம் பேசினேன். பட்டியலில் இருப்பவன் தனக்கு வேலை வேண்டாம், அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுக்க வழி உண்டு. அந்தக் காகிதத்தை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு கால்புள்ளி சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை திருத்தி எழுதினேன். வாழ்நாளில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. பையன் கையெழுத்துப் போட்டான். நோட்டரியிடமும் நானே கூட்டிக்கொண்டு போனேன், மனம் மாறிவிடக் கூடாதே என்று.

அதன்பின் பதினெட்டு வருஷம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "மருமகன் ஐ.டி.யில" என்று சொல்லித் திரிந்தேன். அவன் பதவி உயர்ந்தபோதெல்லாம் பாதி உயர்வு எனக்கு வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. வீடியோவில் பத்து நிமிஷம். இதுவரை பார்த்தே இராத ஒரு பெண் அவனுக்கு நன்றி சொன்னாளாம். இவன் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் சத்தத்தை அணைத்துவிட்டார்களாம். அவன் இதை எல்லாருக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறான். வயது நாற்பத்தொன்று. பி.எஸ்.சி. எழுதும் வயது தாண்டிவிட்டது. தங்கை வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு தினமும் எங்கெங்கோ விண்ணப்பம் அனுப்புகிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை எங்களைச் சாப்பிட அழைத்தாள். அவள் மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ முடித்திருந்தாள். என்ன படிப்பது என்று பேச வேண்டுமாம். மகன்தான் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோனான்.

சோறு போட்டதும் அந்தப் பெண் கேட்டாள். "பாட்டா, காலேஜுக்கு ஆப்ஷன் எல்லாம் குடுத்தாச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதல்ல வச்சிருக்கேன். ஒங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்னு ஆச்சி சொன்னா. அதான் கேக்கேன்."

நான் வாயைத் திறக்குமுன் மருமகன் முந்திக்கொண்டான். "நான் பாத்த வேலைய இப்ப மெஷின் பாக்குது மோளே. நல்லாவே பாக்குது. அதுக்கு மாமன் இல்லல்லா, புத்தி சொல்லிக் கெடுக்க ஆளில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை.

"ஊருல பேசுகது செரியாக்கும்," என்றாள். "அண்ணன் வெவரமான ஆளு. எனக்க மவனக் கண்ணாடிக் கெட்டடத்துக்கு அனுப்பிச்சிட்டு, சொந்த மவன பென்ஷன் உள்ள எடத்துல பத்திரமா இருத்தினிய. தெரிஞ்சுதானே செய்தது?"

இதை அவள் ஒரு வருஷமாக மனசில் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கை என்னை வஞ்சகன் என்று நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பழி போய்விடும். ஆனால் உண்மை யாரைப் பற்றியதோ அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றில் புளிசேரி ஊற்றிக்கொண்டிருந்தான். கொஞ்சம் யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"வெவரம் ஒண்ணும் இல்ல. இவன் பத்தாங்கிளாஸ்ல வாங்கின கணக்கு மார்க்கப் பாத்த அன்னைக்கே இவனுக்கு மண்ட இல்லன்னு முடிவு கெட்டிட்டேன். ஐ.டி.க்கு விட்டா தோத்து வந்து என் மானத்த வாங்குவான்னு பயம். அதுக்காக்கும் சர்க்கார் பரீட்ச எழுத வச்சது. ஒனக்க மவன் மிடுக்கன், படிப்புல கெட்டிக்காரன். ஊருல சொல்லிக்கிட எனக்கு ஒரு மிடுக்கன் வேணும்னு இருந்துது. அதான் காரியம்."

மகன் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் பிசைய ஆரம்பித்தான்.

"அப்போ அண்ணன் மிடுக்கன்னு நெனச்சவன் வீட்டுல இருக்கான். மண்டன்னு நெனச்சவன் ஆபீஸ் போறான்," என்றாள் தங்கை. பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவளப் பத்தி மட்டும் நல்லதா ஒண்ணும் நெனச்சிராதிய."

மருமகன் கையை நீட்டி என் மகன் தட்டில் ஒரு பப்படம் வைத்தான். அவனும் அதை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டான். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

வஞ்சகன் இல்லை என்று தங்கையிடம் நிரூபித்துவிட்டேன். அதற்காக, கிளார்க் வேலை செய்து இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுகிறவனை நாலு பேர் முன்னால் மண்டன் என்றேன். முன்பு அப்படி நினைத்தது ஒரு தப்பு என்றால், அன்றைக்குச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

புறப்படும்போது மகன் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினான். அவன் தேறிய வருஷம் வீட்டில் பாயசம்கூட வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவன் எத்தனையாவது ஆளாக வந்தான் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. மருமகனின் ரேங்க் மட்டும் எனக்கு மனப்பாடம்.

"மக்கா, அந்தப் பரீட்சையில ஒனக்கு ரேங்க் எத்தன?" என்று கேட்டேன்.

அவன் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினான்.

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம். ஏறுங்க."